425 ஆட்டம், ஒரே ஒரு ஒலிம்பிக் தங்கம்: நடாஷா கெல்லர் பெரிய ஆட்டக்காரரா, பெரிய வீட்டுப் பெண்ணா?

வாசகர் கேள்வி, 19 ஜனவரி 2024

நேற்று ராஞ்சியில் நம் பெண்கள் ஜெர்மனியிடம் ஷூட்-அவுட்டில் தோற்றதைப் பார்த்துவிட்டு எரிச்சலில் எழுதுகிறேன். ஜெர்மனி பெண்கள் ஹாக்கி என்றாலே ஆளாளுக்கு நடாஷா கெல்லர் பெயரைச் சொல்கிறார்கள். தேடிப் பார்த்தேன். 425 சர்வதேச ஆட்டம், 209 கோல். சரி, பெரிய கணக்குதான். ஆனால் ஐந்து ஒலிம்பிக் ஆடி ஒரே ஒரு பதக்கம். உலகக் கோப்பையில் ஒரு வெண்கலம். தாத்தா, அப்பா, அண்ணன், தம்பி எல்லோரும் ஒலிம்பிக் பதக்கக்காரர்கள். இவர் பெயர் நிலைத்தது ஆட்டத்தாலா, குடும்பத்தாலா? நம் ஊர் சினிமா வாரிசுக் கதை மாதிரிதான் எனக்குப் படுகிறது. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

19 ஜனவரி 2024, இரவு

ராஞ்சிக் கோபத்தைக் கெல்லர் தலையில் இறக்காதீர்கள். அவர் 2012லேயே ஓய்வு பெற்றுவிட்டார். நேற்று நமக்கு வினையாக வந்தது சார்லட் ஸ்டாப்பன்ஹார்ஸ்ட் அடித்த இரண்டு கோல்கள். ஆட்டம் முடிகிற நேரத்தில் இஷிகா சமன் செய்தபோது நான் நாற்காலியை விட்டு எழுந்தே நின்றுவிட்டேன். அப்புறம் நடந்தது எல்லோருக்கும் தெரியும்.

கேள்விக்கு வருகிறேன். ஐந்து ஒலிம்பிக்கில் ஜெர்மனி பெண்கள் அணி பிடித்த இடங்கள் இவை: 1996 அட்லாண்டா ஆறு, 2000 சிட்னி ஏழு, 2004 ஏதென்ஸ் ஒன்று, 2008 பெய்ஜிங் நான்கு, 2012 லண்டன் ஏழு. இந்த வரிசையை மட்டும் பார்த்தால் நீங்கள் சொல்வது சரி போலத்தான் இருக்கிறது. நாளைக்கு விரிவாக எழுதுகிறேன், கண் சொக்குகிறது.

20 ஜனவரி 2024

முதலில் குடும்பத்தைப் பேசி முடித்துவிடுவோம். அதைப் பேசாமல் இந்த இழை நகராது.

தாத்தா எர்வின் கெல்லர். 1936 பெர்லின் ஒலிம்பிக்கில் ஜெர்மனி அணியில் ஹாஃப்பேக், அதாவது நடு வரிசை ஆட்டக்காரர். இறுதி ஆட்டத்தில் எதிரே நின்றது தயான் சந்தின் இந்தியா. போட்டிக்கு முன்னால் நடந்த பயிற்சி ஆட்டத்தில் ஜெர்மனி இந்தியாவை 4-1 என்று வென்றிருந்தது. அதனால் இந்தியாவிலிருந்து தாரா என்ற ஆட்டக்காரரை அவசரமாக விமானத்தில் வரவழைத்தார்கள். மழையால் ஒரு நாள் தள்ளிப்போய் ஆகஸ்ட் 15 அன்று நடந்த இறுதியில் இடைவேளை வரை 1-0தான். முடிவில் 8-1. அந்தப் போட்டித் தொடர் முழுக்க இந்தியா வாங்கியது அந்த ஒரே ஒரு கோல். எர்வினுக்கு வெள்ளி.

அப்பா கார்ஸ்டன் கெல்லர். 1972 மியூனிக்கில் மேற்கு ஜெர்மனியின் கேப்டன். இறுதியில் பாகிஸ்தானை 1-0 என்று வென்றார்கள். மிஷாயல் க்ராவ்ஸ பெனால்டி கார்னரில் அடித்த கோல். 1928இலிருந்து 1968 வரை ஒலிம்பிக் ஹாக்கித் தங்கம் இந்தியாவுக்கு அல்லது பாகிஸ்தானுக்கு, வேறு யாருக்கும் போனதில்லை. அந்தக் கதவை உடைத்த அணி இது. பாகிஸ்தான் ஆட்டக்காரர்கள் நடுவர் மீது கோபப்பட்டுப் பதக்க மேடையில் செய்த ரகளை தனிக் கதை. அதை இங்கே இழுத்தால் இழை திசைமாறிவிடும்.

அண்ணன் ஆந்த்ரேயாஸ்: 1984 வெள்ளி, 1988 வெள்ளி, 1992 பார்சிலோனாவில் தங்கம். தம்பி ஃப்ளோரியான்: 2008 பெய்ஜிங்கில் தங்கம். நடுவில் நடாஷா, 2004 தங்கம். மூன்று தலைமுறை, ஐந்து பேர்.

வாரிசுக் கதையோடு இது ஒட்டாத இடம் ஒன்று உண்டு. வாரிசு என்றால் ஓடுகிற வண்டியில் ஏறி உட்காருவது. நடாஷா 1994இல் பதின்வயதில் தேசிய அணிக்குள் வந்தார். அது ஓடுகிற வண்டி இல்லை. 1976லும் 1981லும் உலகக் கோப்பையை வென்று, 1984லும் 1992லும் ஒலிம்பிக் வெள்ளி வாங்கிய அணி, அப்போது இறங்குமுகத்தில் இருந்தது. அவர் வந்த பிறகு ஆறாம் இடம், ஏழாம் இடம். அப்பாவின் பெயர் கிளப் மைதானத்தின் கேட்டைத் திறந்துவிடும். பின்கம்பத்துப் பக்கம் வருகிற பந்தை உள்ளே தள்ளிவிடாது.

20 ஜனவரி 2024, பின்னேரம்

கீழே ஒருவர் "1936இல் ஆடியவர் நடாஷாவின் அப்பா" என்று எழுதியிருக்கிறார். இல்லை ஐயா, தாத்தா. அப்பா பிறந்ததே 1939இல்.

22 ஜனவரி 2024

425 என்ற எண்ணைப் பற்றி. 18 ஆண்டுகளுக்குப் பிரித்தால் ஆண்டுக்கு சராசரியாக 23, 24 ஆட்டம். ஜெர்மனியில் ஆணோ பெண்ணோ வேறு யாரும் நாட்டுக்காக இத்தனை ஆட்டம் ஆடியதில்லை.

இதில் நம் ஊர் வாசகர்களுக்குப் பிடிபடாத விஷயம் ஒன்று இருக்கிறது. இங்கே இந்தியாவில் நல்ல ஹாக்கிக்காரர் என்றால் ரயில்வேயிலோ போலீஸிலோ வங்கியிலோ வேலை கிடைக்கும். ஆட்டமே உத்தியோகத்துக்கு வழி. ஜெர்மனியில் அப்படிக் கிடையாது. ஹாக்கியை வைத்துக் குடும்பம் நடத்த முடியாது. படிப்போ வேலையோ ஒரு பக்கம், கிளப் ஒரு பக்கம், தேசிய அணி முகாம் இன்னொரு பக்கம். வார இறுதியில் புண்டஸ்லீகா என்கிற கிளப் லீக் ஆட்டம். அதனால் இருபத்தைந்து, இருபத்தாறு வயதில் "போதும்" என்று வேலைக்குப் போய்விடுகிறவர்கள் அங்கே அதிகம். அந்தச் சூழலில் 35 வயது வரை ஒரு பெண் ஃபார்வர்டாகவே நின்றார் என்றால், அது வெறும் திறமைக் கணக்கு இல்லை.

நான் பெர்லினில் வேலை பார்க்கிறேன் என்பது இங்கே சிலருக்குத் தெரியும். மகள் ஒரு சின்ன கிளப்பில் ஆடுகிறாள். கெல்லருடைய பெர்லினர் எச்.சி. இல்லை, அந்த அளவுக்கு எங்களுக்கு ராசி கிடையாது. இந்த ஊர் கிளப்களில் பெற்றோர் அணி என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். பிள்ளையைக் கொண்டுவந்து விடுகிற அப்பா அம்மாக்கள் கையில் ஒரு மட்டையைத் திணித்துவிடுவார்கள். கோவில்பட்டிப் பக்கம் செம்மண் தரையில் ஆடி வளர்ந்தவன் என்பதால் நான் கொஞ்சம் மிதப்பாகவே போனேன். குளிர்காலம். ஆட்டம் உள்ளரங்கில். பக்கக் கோட்டுக்குப் பதில் தரையோடு பதித்த கட்டை, மட்டையை ஓங்கி அடிக்கக் கூடாது, பந்தைத் தள்ளத்தான் வேண்டும். கோல் வட்டத்துக்குள் தவிர வேறெங்கும் பந்தைத் தரையை விட்டுத் தூக்கவும் கூடாது. ஐம்பதைத் தாண்டிய ஒரு அம்மா, தலைமுடி முழுக்க வெள்ளை, பந்தைக் கட்டையில் மோதவிட்டு என்னைச் சுற்றிக்கொண்டு போனார். திரும்பினேன், மறுபடி போனார். என் மிதப்பெல்லாம் அன்றோடு சரி.

சொல்ல வந்தது, ஜெர்மன் குழந்தைகள் ஐந்து மாதம் இப்படிக் குறுகிய இடத்தில் பந்தைத் தள்ளித் தள்ளியே வளர்கிறார்கள். வெளி மைதானத்துக்கு வந்து 'டி'க்குள், அதாவது கோலுக்கு முன்னால் இருக்கிற வளைவுக்குள், நான்கு தடுப்பாட்டக்காரர்கள் நெருக்கும்போது அவர்களுக்குப் பதற்றமே இருப்பதில்லை. ஜெர்மன் ஃபார்வர்டுகளின் கோல்களை உற்றுப் பாருங்கள், பாதிக்கு மேல் அழகாக இருக்காது. பந்து வருகிற திசையில் மட்டையைச் சாய்த்து வைத்திருப்பார்கள், பட்டு உள்ளே போகும். அவ்வளவுதான்.

23 ஜனவரி 2024

"அழகாக இருக்காது" என்றதற்கு இரண்டு பேர் சண்டைக்கு வந்துவிட்டார்கள். அழகு வேண்டும் என்றால் அர்ஜென்டினாவைப் பாருங்கள். நான் குறையாகச் சொல்லவில்லை.

28 ஜனவரி 2024

அர்ஜென்டினா என்று வாய்தவறிச் சொன்னேன், லூசியானா ஐமாரைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டீர்கள். "எட்டு முறை உலகின் சிறந்த ஆட்டக்காரர், நான்கு ஒலிம்பிக் பதக்கம், கெல்லரை இவரோடு ஒப்பிட முடியுமா?" என்று கேள்வி.

முடியாது. நானும் ஒப்பிட மாட்டேன். பந்தை மட்டையில் ஒட்டவைத்துக்கொண்டு ஓடுவதில் ஐமாருக்கு நிகராக நான் யாரையும் பார்த்ததில்லை. ஆனால் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வேடிக்கையான ஒற்றுமைகள் உண்டு. கெல்லர் பிறந்தது 3 ஜூலை 1977. ஐமார் பிறந்தது 10 ஆகஸ்ட் 1977. ஐந்தரை வாரம் பெரியவர் கெல்லர். 1999க்கான உலகின் சிறந்த ஆட்டக்காரர் விருது கெல்லருக்கு; 2001லிருந்து ஐமார் சகாப்தம் தொடங்கிவிட்டது. 2012 லண்டன் தொடக்க விழாவில் ஜெர்மனிக் கொடியைப் பிடித்துக்கொண்டு வந்தவர் கெல்லர், அர்ஜென்டினாக் கொடியைப் பிடித்துக்கொண்டு வந்தவர் ஐமார். ஒரே ராத்திரி, இரண்டு பெரிய விளையாட்டு நாடுகளுக்குக் கொடி பிடித்தது இரண்டு ஹாக்கிப் பெண்கள். நான்கு ஆண்டுகளுக்கு முன் பெய்ஜிங்கில் ஜெர்மனிக் கொடி யார் கையில் இருந்தது தெரியுமா? கூடைப்பந்தாட்டக்காரர் டிர்க் நோவிட்ஸ்கி. அமெரிக்காவில் கோடிகளில் புரண்டவர். அவருக்கு அடுத்து, சம்பளமே இல்லாத ஒரு ஆட்டத்திலிருந்து ஒரு பெண்.

ஐமாரிடம் நான்கு பதக்கம் இருக்கிறது, ஆனால் நான்கில் ஒன்றுகூடத் தங்கம் இல்லை. வெள்ளி, வெண்கலம், வெண்கலம், வெள்ளி. கெல்லரிடம் ஒன்றே ஒன்று, அது தங்கம். இருவரையும் உட்காரவைத்து "மாற்றிக்கொள்கிறீர்களா?" என்று கேட்டால் என்ன சொல்வார்கள் என்று யோசிப்பதுண்டு. 2010 உலகக் கோப்பை ஐமாரின் சொந்த ஊரான ரொசாரியோவில் நடந்தது. அரையிறுதியில் ஜெர்மனியை அர்ஜென்டினா வீழ்த்தி, பிறகு கோப்பையையும் எடுத்தது. ஜெர்மனிக்கு நான்காம் இடம். கெல்லருக்குத் தோற்கத் தெரிந்த அளவு அந்தக் குடும்பத்தில் வேறு யாருக்கும் தெரியாது என்று எனக்கு ஒரு எண்ணம்.

3 பிப்ரவரி 2024

ஏதென்ஸ். இதை எழுதத்தான் இவ்வளவு நாள் சுற்றிச் சுற்றி வந்தேன்.

2004 ஆகஸ்டில் ஜெர்மனிப் பெண்கள் அணியை யாரும் பெரிதாக மதிக்கவில்லை. குழுவில் தென்னாப்பிரிக்காவிடம் தோற்றார்கள். நெதர்லாந்திடம் 4-1 என்று அடிவாங்கினார்கள். ஆஸ்திரேலியாவையும் கொரியாவையும் வென்றதால் எப்படியோ அரையிறுதிக்குள் நுழைந்தார்கள். இந்த இடத்தில் ஒரு சாதாரண அணி 'இதுவே போதும்' என்று நினைத்திருக்கும்.

அரையிறுதி சீனாவுடன். முழு நேரம் முடிந்து கூடுதல் நேரமும் முடிந்து 0-0. அப்போதெல்லாம் ராஞ்சியில் பார்த்த, பந்தோடு ஓடிவந்து எட்டு விநாடிக்குள் கோல் போடுகிற ஷூட்-அவுட் கிடையாது. பெனால்டி ஸ்ட்ரோக். கோலுக்கு 6.4 மீட்டர் தூரத்தில் பந்தை வைத்துவிட்டு, விசில் ஊதியதும் ஒரே தள்ளு. ஓடி வர முடியாது, ஏமாற்றி எடுக்க முடியாது, கோல்கீப்பர் கோட்டைவிட்டு நகரக் கூடாது. 4-3 என்று ஜெர்மனி வென்றது. கோல்கீப்பர் லூயிஸா வால்டர்.

இறுதி மறுபடி நெதர்லாந்துடன். குழு ஆட்டத்தில் நான்கு கோல் போட்ட அதே அணி. முதல் பாதியிலேயே ஜெர்மனிக்கு ஆன்கெ கூன் ஒரு கோல், ஃப்ரான்ஸிஸ்கா குடே ஒரு கோல். இரண்டாம் பாதியில் நெதர்லாந்து ஒன்றைத் திருப்பியது. மிச்ச நேரம் முழுக்க ஜெர்மனி 'டி'யைச் சுற்றிக் காவல்தான். 2-1. பெண்கள் ஹாக்கியில் ஜெர்மனியின் முதல் ஒலிம்பிக் தங்கம், இன்றுவரை ஒரே தங்கம்.

கவனித்தீர்களா, கோல் அடித்த இரண்டு பெயரும் கெல்லர் இல்லை.

பழைய பதிவை நான் பலமுறை ஓட்டிப் பார்த்திருக்கிறேன். கெல்லரை மட்டும் பார்ப்பது என்று முடிவு செய்துகொண்டு பார்த்தால் வேறொரு ஆட்டம் தெரியும். இரண்டாம் பாதியில் முன்னால் நிற்க வேண்டிய ஃபார்வர்டு பின்னால் இறங்கி வருகிறார். டச்சுத் தடுப்பாட்டக்காரர் பந்தை வெளியே எடுக்கிற பக்கத்தை அடைத்துக்கொண்டு நிற்கிறார். பந்தைப் பறிக்கக்கூடப் போவதில்லை, வழியை மறிக்கிறார். பந்து வேறு பக்கம் போனதும் அங்கே ஓடுகிறார். தொலைக்காட்சியில் இது யார் கண்ணிலும் படாது. புள்ளிவிவரத்திலும் வராது. 209 கோல் அடித்தவர் கோல் அடிக்காத ஒரு ஆட்டத்தில் தங்கம் வாங்கினார் என்பது எனக்குப் பிடித்த செய்தி.

4 பிப்ரவரி 2024

இரவெல்லாம் ஒரு யோசனை. ஏதென்ஸ் பெருமையில் பாதியைப் பயிற்சியாளர் மார்கஸ் வைஸவுக்குக் கொடுக்க வேண்டாமா? அந்த ஆள் அடுத்து ஆண்கள் அணிக்குப் போய் 2008லும் 2012லும் தங்கம் எடுத்தார். பெண்கள் அணிக்கும் ஆண்கள் அணிக்கும் ஒலிம்பிக் ஹாக்கித் தங்கம் வாங்கித் தந்த பயிற்சியாளர் அவருக்கு முன்னால் யாரும் கிடையாது. ஒரு மனிதர் மூன்று ஒலிம்பிக்கில் மூன்று தங்கம் எடுக்கிறார், அவர் விட்டுப் போன பெண்கள் அணி நான்கு, ஏழு என்று இறங்குகிறது. இதைப் பார்த்தால் கெல்லர் வாதம் கொஞ்சம் ஆட்டம் காண்கிறது, ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் முழுக்க விடவும் மனசில்லை. வைஸ போன பிறகு 2007 மான்செஸ்டரில் ஐரோப்பியக் கோப்பையை ஜெர்மனி வென்றது, அதுவும் இறுதியில் நெதர்லாந்தை 2-0 என்று. அணி செத்துப்போய்விடவில்லை.

4 பிப்ரவரி 2024, இரவு

நெதர்லாந்து பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஐரோப்பியக் கோப்பை இறுதியில் ஜெர்மனி நெதர்லாந்திடம் தோற்ற ஆண்டுகள்: 1999, 2005, 2009, 2011. நான்கும் கெல்லர் காலத்தில். ஒரு தலைமுறை முழுக்க ஒரே சுவரில் முட்டிக்கொண்டிருந்தது. கெல்லர் போன மறு ஆண்டே, 2013இல், ஜெர்மனி ஐரோப்பியக் கோப்பையை எடுத்தது. இறுதியில் எதிரணி இங்கிலாந்து. சுவர் வேறு யாராலோ ஏற்கெனவே இடிக்கப்பட்டிருந்தது! இதைத்தான் நேரம் என்பார்கள்.

2006 சாம்பியன்ஸ் டிராஃபியை நெதர்லாந்து மண்ணிலேயே, ஆம்ஸ்டல்வேனில் ஜெர்மனி வென்றதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அதே ஆண்டு மாட்ரிட் உலகக் கோப்பையில் எட்டாம் இடம். ஒரே அணி, ஒரே வருஷம். இந்த அணியை நம்பிப் பந்தயம் கட்டியவன் பைத்தியமாகியிருப்பான்.

11 பிப்ரவரி 2024

கேள்வி கேட்ட நண்பர் திரும்பி வந்து "1999இல் உலகின் சிறந்த ஆட்டக்காரர் என்றால் அப்போது அணி என்ன வென்றது?" என்று மடக்குகிறார்.

பெரிதாக ஒன்றும் இல்லை. 1998 உட்ரெக்ட் உலகக் கோப்பையில் வெண்கலம், 1999 ஐரோப்பிய வெள்ளி. அடுத்த வருடம் சிட்னியில் ஏழாம் இடம். அதுதான் என் பக்க வாதமே. தங்கம் வாங்கிய அணியில் இருப்பவருக்கு விருது கொடுப்பது சுலபம். அந்த விருதுக்கு முந்தைய ஆண்டும் பிந்தைய ஆண்டும் யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள்: ஆஸ்திரேலியாவின் அலிசன் ஆனன். அந்த ஆஸ்திரேலியா அப்போது எல்லாரையும் துவைத்துக் காயப்போட்டுக்கொண்டிருந்த அணி. அப்படி ஒரு வரிசைக்கு நடுவில், அடுத்த வருடமே ஏழாம் இடத்துக்குப் போன அணியிலிருந்து 22 வயதுப் பெண் ஒருவர் எட்டிப் பார்க்கிறார். குடும்பப் பெயருக்காகவா கொடுத்திருப்பார்கள்?

25 பிப்ரவரி 2024

இழை கொஞ்சம் விதிமுறைப் பக்கம் போயிருக்கிறது, நல்லதுதான்.

கெல்லர் ஆடத் தொடங்கியபோது ஹாக்கியில் ஆஃப்சைடு இருந்தது, அதாவது தடுப்பாட்டக்காரர்களைத் தாண்டி முன்கூட்டியே போய் நின்று பந்தை வாங்கக் கூடாது. அட்லாண்டாவுக்கு அப்புறம்தான் எடுத்தார்கள். ஒரு ஃபார்வர்டுக்கு இது எவ்வளவு பெரிய மாற்றம் என்று யோசியுங்கள். முந்தைய நாள் வரை தடுப்பாட்டக்காரர் வரிசையைப் பார்த்துப் பார்த்து ஓட வேண்டும். மறுநாள் கோல்கீப்பர் மூக்குக்கு நேரே போய் நிற்கலாம். சில ஃபார்வர்டுகள் இந்த மாற்றத்தோடு காணாமல் போனார்கள், சிலர் பிழைத்தார்கள், ஒரு சிலர் அதற்கு அப்புறம்தான் மலர்ந்தார்கள். கெல்லரின் விருது ஆண்டு 1999 என்பதை இதோடு சேர்த்துப் பாருங்கள்.

2009இல் இன்னொன்று. ஃப்ரீ ஹிட் கிடைத்தால் பந்தை அடுத்தவருக்குக் கொடுக்காமல் தானே எடுத்துக்கொண்டு ஓடலாம் என்றார்கள். ஆட்டத்தின் வேகமே மாறிவிட்டது. அப்போது கெல்லருக்கு 32 வயது. 2012 லண்டனில் பச்சைத் தரைக்குப் பதில் நீலத் தரை, சுற்றிலும் இளஞ்சிவப்பு, மஞ்சள் பந்து. பார்க்கக் கல்யாண மண்டபம் மாதிரி இருந்தது, ஆனால் பந்து நன்றாகத் தெரிந்தது என்பதை மறுக்க முடியாது. பெனால்டி ஸ்ட்ரோக்குப் பதில் ஷூட்-அவுட்டும் அதற்குள் வந்துவிட்டது.

ஆஃப்சைடில் தொடங்கி நீலத் தரையில் முடித்தவர்கள் அதிகம் பேர் கிடையாது. 425 என்பதை இந்தக் கண்ணோடு பார்த்தால் அது ஒரே ஆட்டத்தை 425 முறை ஆடியது இல்லை. ஆட்டம் காலடியில் மாறிக்கொண்டே இருந்தது.

26 பிப்ரவரி 2024

"நீங்கள் கோவில்பட்டி என்கிறீர்கள், செம்மண்ணில் ஆடியவர்களுக்கு இதில் என்ன பேச்சு?" என்று ஒருவர். செம்மண்ணில் பந்து குதிக்கும், அதனால் கையைத் தளர்வாக வைத்துக்கொள்ளப் பழகுவோம். டர்ஃபில், அதாவது செயற்கைப் புல்தரையில், அந்தத் தளர்வு உதவாது என்று இந்தியா உணர எத்தனை ஆண்டானது என்பது எல்லோருக்கும் தெரியும். மேலே போக வேண்டாம், அழுகை வரும்.

12 ஆகஸ்ட் 2024

பாரிஸ் முடிந்தது. இழையைத் தூசி தட்டுகிறேன்.

ஜெர்மனி ஆண்கள் நம்மை அரையிறுதியில் 3-2 என்று அனுப்பிவைத்தார்கள். நமக்கு வெண்கலம், மகிழ்ச்சி. ராஞ்சியில் நம்மைத் தாண்டிப் போன ஜெர்மனிப் பெண்களோ காலிறுதியில் அர்ஜென்டினாவிடம் ஷூட்-அவுட்டில் வெளியேறினார்கள். நமக்கு நடந்தது அவர்களுக்கும் நடந்தது. குரூரமாக ஒரு சின்ன சந்தோஷம் வந்தது, மறைக்கவில்லை.

ஆண்கள் மேலே, பெண்கள் கீழே என்ற இந்தக் காட்சியைப் பார்த்ததும் 2008 நினைவுக்கு வந்தது. பெய்ஜிங்கில் ஆகஸ்ட் 22 அன்று வெண்கலத்துக்கான ஆட்டத்தில் ஜெர்மனிப் பெண்கள் அர்ஜென்டினாவிடம் 3-1 என்று தோற்றார்கள். கெல்லருக்கு நான்காம் இடம். மறுநாள் ஆகஸ்ட் 23, ஆண்கள் இறுதியில் ஜெர்மனி ஸ்பெயினை 1-0 என்று வென்றது. தம்பி ஃப்ளோரியான் கழுத்தில் தங்கம். பயிற்சியாளர் யார்? நான்கு வருடத்துக்கு முன் அக்காவுக்குத் தங்கம் வாங்கிக் கொடுத்த அதே வைஸ.

ஒரு வீட்டில் இரண்டு நாளில் இரண்டு விதமான செய்தி. அந்த வீட்டு அப்பாவே 1972 கேப்டன். சாப்பாட்டு மேஜையில் என்ன பேசியிருப்பார்கள் என்று எனக்குத் தெரியாது, ஆனால் குடும்பப் பெயர் இவருக்கு வசதி செய்துகொடுத்தது என்று சொல்பவர்கள் அந்த இரண்டு நாளையும் ஒருமுறை யோசிக்க வேண்டும். வேறு குடும்பத்தில் ஒலிம்பிக்கில் நான்காவதாக வந்தால் ஊரே மாலை போடும். இந்தக் குடும்பத்தில் அது பேசாமல் கடந்து போக வேண்டிய விஷயம்.

13 ஆகஸ்ட் 2024

மேலே எழுதியதில் கடைசி வரி கொஞ்சம் சினிமாத்தனமாகப் போய்விட்டது. அவர்கள் வீட்டில் நான்காம் இடத்தையும் கொண்டாடியிருக்கலாம். யார் கண்டது.

8 மார்ச் 2025

ஒரு சுவாரசியமான திருப்பம். ஜெர்மனிப் பெண்கள் அணிக்கு இப்போது தலைமைப் பயிற்சியாளர் யானெக் ஸ்கோப்மன். ஆமாம், நம்ம ஸ்கோப்மன்தான். ராஞ்சியில் இந்திய அணியின் பெஞ்சில் உட்கார்ந்து ஜெர்மனியிடம் தோற்றவர். அதற்கும் இருபது வருடம் முன்னால் ஏதென்ஸில் கெல்லர் அணியிடம் தோற்று வெள்ளி வாங்கிய நெதர்லாந்து அணியிலும் இருந்தவர். பெய்ஜிங்கில் தங்கம் வாங்கிச் சமன் செய்துகொண்டார். இரண்டு முறை ஜெர்மனியிடம் அடிவாங்கிய அனுபவத்தோடு ஜெர்மனிக்கே வந்து சேர்ந்திருக்கிறார். வெல்ல முடியாவிட்டால் சேர்ந்துகொள் என்பது இதுதான் போல.

இந்தியாவில் அவரை நடத்திய விதம் பற்றி இங்கே ஏற்கெனவே வேறு இழை ஓடுகிறது. அதை அங்கேயே வைத்துக்கொள்ளுங்கள்.

9 மார்ச் 2025

முதல் கேள்வி கேட்ட நண்பர் ஓராண்டு கழித்து வந்து எழுதியிருக்கிறார்: "பாதி ஒப்புக்கொள்கிறேன். பெரிய ஆட்டக்காரர்தான். ஆனால் அந்தக் குடும்பத்தில் பிறக்காவிட்டால் இவரைப் பற்றி இவ்வளவு பேசியிருப்போமா?"

நியாயமான பாதி. பேசியிருக்க மாட்டோம். ஃபன்னி ரின்ன என்று அதே ஏதென்ஸ் அணியில் ஒருவர் இருந்தார், முந்நூறுக்கு மேல் ஆட்டம் ஆடியவர், அவரைப் பற்றி இங்கே யாராவது இழை தொடங்கினீர்களா? கேப்டன் மரியோன் ரோடவால்ட் பற்றி? குடும்பப் பெயரால் கெல்லருக்குக் கிடைத்தது நம் கவனம். அணியில் இடம் இல்லை, கோல் இல்லை. நான் சொல்ல வந்தது இவ்வளவுதான், இதற்கு இத்தனை பதிவு தேவையா என்று கேட்காதீர்கள்.

9 மார்ச் 2025, பின்னேரம்

எதைப் பார்க்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். ஏதென்ஸ் இறுதியை எல்லோரும் சொல்வார்கள். நான் சீனாவுடனான அரையிறுதியைச் சொல்வேன், பதிவு கிடைத்தால். கோலே விழாத ஆட்டத்தைப் பார்க்கச் சொல்கிறான் என்று திட்டினாலும் பரவாயில்லை. கூடுதல் நேரத்திலிருந்து தொடங்குங்கள், முன்வரிசை எப்படிப் பின்னால் இறங்கி வருகிறது என்று மட்டும் பாருங்கள். பார்த்துவிட்டு வாருங்கள், ரின்ன பற்றிப் புது இழை தொடங்கலாம். தலைப்பு நீங்களே வையுங்கள், நான் வைத்தால் நீளமாகிவிடுகிறது.